நேற்று என்ன சமைத்தீர்கள்?

அன்று காலை பள்ளி பஸ் வரவில்லை. மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிய ஒரு தகப்பன்தான் சொன்னார்: "கிராணியம்மா, முனியாண்டி அண்ணன் போயிட்டாரு." நெஞ்சுவலியாம். அலுவலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கோபம் பிறகு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மலேசியாவில் பெண்டாங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நான் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர்; முனியாண்டி அண்ணன் பஸ் ஓட்டுநர். எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கான அரசாங்க உதவித்தொகை விண்ணப்பப் பாரத்தை, பெற்றோரையெல்லாம் ஒரே நாளில் மண்டபத்தில் உட்காரவைத்து நிரப்பச் சொல்வோம். ஒரு பக்கம் சம்பந்தி, மறு பக்கம் கோயில் தலைவர். யார்தான் உண்மைச் சம்பளத்தை எழுதுவார்கள்? எங்கள் மாணவி சரசுவின் அப்பா, செய்யாத ஓவர்டைமையெல்லாம் சேர்த்து எழுதிவிட்டார். வருமானம் அதிகம் என்று நானும் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டே வாரத்தில் சரசு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பஸ் சாவியும் கையுமாக அண்ணன் வந்து நின்றார். "பாரத்துல அவன் பணக்காரன்லா. வீட்டு அடுப்புல பூனை தூங்குது. நீ எதைம்மா பார்த்த?"

"சட்டம் அப்படித்தான் அண்ணே."

"சட்டம் இருக்கட்டும். பஸ்ல ஏறு."

ஏறினேன். அந்த வீட்டைப் பார்த்தேன். திரும்பி வந்ததும் சரசுவின் பாரத்தை மறுபடி எழுதி அனுப்பினேன்.

அதன்பிறகு பிள்ளைகள் இறங்கியதும், கதவைச் சாத்திக்கொண்டு, பஸ்சுக்குள் ஒவ்வொரு தாயாகத்தான் உட்காரவைத்து எழுதினோம். "சம்பளம் எவ்வளவுன்னு கேட்காதம்மா, ரோஷம் வந்துரும். நேத்து என்ன சமைச்சீங்கன்னு கேளு" என்பார். கேட்டால் குரல் இறங்கும், பிறகு உண்மை தானாக வரும். சரசு இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள்.

துக்க வீட்டில் அவர் மனைவி லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் வளர்க்கும் பேத்தி ஆறாம் வகுப்பு, எங்கள் பள்ளிதான். "அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடம். செலவுக்கு எங்க போவேன்? போதும்னு நிப்பாட்டிடப் போறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணன் இவளுக்குப் பாரமே போடலையா?"

"ஊரையெல்லாம் அவரு கேட்டாரு. அவரை யாரும்மா கேட்டா?"

அப்போதுதான் அந்தக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. இத்தனை வருஷம் அந்த பஸ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்த மனுஷனுக்கும் ரோஷம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், அண்ணன் வீட்டு வாசலில் நின்ற பஸ்சில் அக்காவை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். "நேத்து என்ன சமைச்சீங்கக்கா?"

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "கஞ்சி" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் எழுதினேன்.

அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்விதான். இனி யாரையும் கேட்காமல் விடமாட்டேன். இந்த வருஷம் முதலில் போன பாரம் உங்கள் பேத்தியுடையது.