இருபத்தேழு மணி நேரம்

மதியச் சோற்றுக்குப் பிறகு எட்டாம் வகுப்புக்கு வட்ட விளக்கப்படம் நடத்தும் நிலைமை எந்த ஆசிரியருக்கும் வரக் கூடாது. பாடப்புத்தகத்தில் இருந்தது யாரோ ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. அந்தக் குடும்பத்தின் மேல் பிள்ளைகளுக்கும் அக்கறை இல்லை, எனக்கும் இல்லை. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கி விழுந்ததும் எரிச்சலோடு புத்தகத்தை மூடினேன்.

"ஆளுக்கொரு வட்டம் போட்டு, உங்க நாளை அதுல பங்கு பிரிச்சுக் கொண்டு வாங்க. ஒரு மணி நேரத்துக்குப் பதினஞ்சு பாகை. உண்மையை மட்டும்தான் எழுதணும்" என்றேன்.

மாதிரிக்கு என் நாளை ஒரு சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டினேன். தூக்கம், சமையல், பள்ளிக்கூடம், நோட்டுத் திருத்துவது எல்லாம் போக மூன்று மணி நேரம் மிஞ்சியது. கொஞ்சம் தயங்கிவிட்டு, 'கணவரோடு பேசுவது' என்று எழுதினேன்.

பச்சைப் பொய். நாங்கள் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. மாற்றலாகி காமயகவுண்டன்பட்டிக்கு வந்தபோது, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து, அவர் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதாக ஓனரம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஓனரம்மாவின் மகள் இதே வகுப்பில் முதல் பெஞ்ச். உண்மையை எழுதினால் சாயங்காலமே வேறு வீடு தேட வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை வட்டங்கள் வந்தன. காலண்டர் தாளின் பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வரைந்து, விளையாட்டுக்குப் பச்சை, டிவிக்குச் சிவப்பு என்று தீட்டியிருந்தார்கள். வகுப்பு சந்தைக்கடையாக இரைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒருத்தியின் தாளில் மட்டும் வட்டமே இல்லை, வெறும் பட்டியல். கூட்டினால் இருபத்தேழு மணி நேரம் வந்தது.

"கூட்டல்கூடத் தெரியாதா? வெட்டி இருபத்தி நாலாக்கு" என்று சிடுசிடுத்தேன்.

"அம்மா திராட்சை வெட்டப் போயிட்டு இருட்டித்தான் வரும் டீச்சர். தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டேதான் சோறாக்குவேன், பாத்திரம் விளக்குவேன். அவனப் பாக்குறது மூணு மணி நேரம், வேலை மூணு மணி நேரம். வட்டத்துல அடங்க மாட்டேங்குது. உண்மையத்தான எழுதச் சொன்னீக? எத வெட்டட்டும்?"

உண்மையை எழுதிய பிள்ளையைப் பொய் எழுதிய நான் அதட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, சார்ட்டில் இருந்த அந்த வரியை அடித்தேன்.

"எங்கூடப் பேச வீட்டுல யாரும் இல்ல. அந்த மூணு மணி நேரமும் சும்மாதான் உக்காந்திருப்பேன்" என்றேன். முதல் பெஞ்சை நான் பார்க்கவில்லை.

அவள் என் வட்டத்தையும் தன் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அத எனக்குக் குடுத்துருங்க டீச்சர். என் கணக்குச் சரியாப் போகும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓனரம்மா வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் தினமும் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க வீட்டுச் சாரு எப்ப வாராக?" என்று கேட்பவர், அன்றிலிருந்து கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே அந்த ஊரில் என்னிடம் யாராவது கேட்டுவந்த ஒரே கேள்வி அதுதான்.