விளக்கு வைக்க ஓர் ஆள்

திருப்பத்தூர் அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலை போய்விட்டது. நெற்குப்பை ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன். நேற்று மதியம் சாப்பிட்டது. இன்றும் வேலை அமையாவிட்டால் எங்கே போவது? ஒரு பெரிய வீட்டு வாசலில் நிற்கும் ஆச்சியிடம் கேட்கிறேன்.

“வாட்ச்மேன் வேலை இருக்கா ஆச்சி?”

“சத்தமாச் சொல்லாதீக. வாட்ச்மேன், காவக்காரன்னு பேரு வச்சா, ஆளில்லாத வீடுன்னு நாமளே சொன்ன மாதிரி. பக்கத்துல எங்க பங்காளி வீடு பூட்டிக் கெடக்கு. விளக்கு வைக்க ஆள் வேணும்னுதான் நாங்க சொல்லுவோம்.”

“ராத்திரி திருடன் வந்தா?”

“அதுக்குத்தான உங்களை வைக்கிறது! இங்குட்டு வாங்க, மொதல்ல சாப்பிடுங்க.”

மறுநாள் விடியலில் வேலையில் சேர்கிறேன். ஒரு தடி கேட்கிறேன். ஆச்சி எண்ணெய்க் கிண்ணத்தையும் திரியையும் நீட்டுகிறார்.