குதிருக்குப் பக்கத்தில் நின்றவள்

எழுபதுகள்ல அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல எனக்கு வேலை. பெரிய தகரக் குதிர்ல நெல்லைக் கொட்டினா அது சுவரை எவ்வளவு அழுத்தும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடணும். கணக்கை அட்டை அட்டையா ஓட்டை போட்டு, கம்ப்யூட்டர் அறையில கட்டாக் கட்டிக் குடுத்துட்டு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினா, விடை மறுநாள்தான் வரும்.

வந்தது. நெல் சும்மா கிடக்கறப்போ அழுத்தறதை விட, அடியில கதவைத் திறந்து இறக்கறப்போதான் சுவரை அதிகமா அழுத்தறது. எங்க தலைவருக்கு இது பொறுக்கலை. காலியாற பாத்திரம் எப்படி உடையும், உங்க வீட்டு அரிசி டின் என்னிக்காவது வெடிச்சிருக்கான்னு எல்லார் முன்னாலயும் கேட்டார். சுத்தி இருந்த தடியன்கள் சிரிச்சான்கள். பாதிப் பேருக்குக் கணக்கே புரியாது! பதில் சொல்ல எழுந்தேன். ஆனா என் உதவித்தொகை அந்த மாசத்தோட முடியறது, நீட்டிக்க அவர் கையெழுத்து வேணும். வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். கணக்குத் தாளை மடிச்சுண்டு உக்காந்தேன்.

அவர் சொன்னபடி மெல்லிசுத் தகட்டுல ஒரு குதிர் கட்டிக் கூடத்துக்குப் பின்பக்கம் நிறுத்தி நெல்லைக் கொட்டினா. எங்க கூடத்துல ஒரு வழக்கம் உண்டு. எதைச் சோதிச்சாலும், தாங்கும்னு கணக்குப் போட்டவர் அதுக்குப் பக்கத்துலயே நிக்கணும். தாங்கும்னது அவர். உடையும்னது நான். அப்போ நிக்கவேண்டியது யார்?

"கணக்குப் போட்டவ நீதானேம்மா, போய் நில்லு" என்றார்.

கையெழுத்து இன்னும் ஆகலை. போய் நின்னேன்.

கதவைத் திறந்தா. நெல் பாதி இறங்கறதுக்குள்ள தகடு கிழிஞ்சு என் முழங்காலை வெட்டித்து, மேல நெல்லு சரிஞ்சுது. பியூன்தான் கையால நெல்லைத் தள்ளி என்னை வெளியில இழுத்தான், அவன் அழுதுண்டிருந்தான். தலைவர் டேப்பை வச்சுக் கிழிசலை அளந்துண்டிருந்தார். மகாபாவி.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோட வந்தார். கையில ரெண்டு தாள். ஒண்ணு உதவித்தொகை நீட்டிப்பு, அவர் கையெழுத்து இன்னும் போடலை. இன்னொண்ணு, எல்லாரும் தடுத்தும் கேக்காம நானாவே போய் நின்னேன்னு என் பேர்ல டைப் அடிச்ச கடிதம். என் கணக்கு சரியா இருந்ததைப் பத்தி ரெண்டுலயும் ஒரு வரி கிடையாது.

"முதல்ல நீ போடு" என்றார்.

போட்டேன். மை காயற வரைக்கும் ஊதிப் பார்த்துட்டு, அப்புறம்தான் தன் பேனாவைத் திறந்தார்.