பந்தியில் உட்காராதவர்

என் கணவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கிய வருஷங்களில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் வியாழக்கிழமைக் கூட்டம்தான். கிழக்கேகோட்டையில் ஒரு பழைய வாசகசாலை ஹாலில் நடக்கும். டாக்டர் டிமென்ஷியா என்று சொன்ன அந்த நோய் வந்தவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பந்து உருட்டச் சொல்வார்கள். டேப்பில் பாட்டுப் போட்டுக் கை தட்டுவார்கள். தாம்பாளத்தில் பயறையும் கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வார்கள். இவர் பயறு பொறுக்கும் நேரத்தில் நான் பக்கத்து அறையில் என்னைப் போன்ற பெண்களோடு உட்கார்ந்து அழலாம், திட்டலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். கரமனையில் எங்கள் தெருவில் அது நடக்காது, சுவருக்குச் சுவர் காது.

வீட்டில் நான் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் குளிக்கவே போவேன். அப்படியும் ஒரு நாள் ஆற்றுப்படியில் போய் நின்றிருந்தார். அந்த வியாழக்கிழமை இல்லாவிட்டால் எனக்கே பைத்தியம் பிடித்திருக்கும்.

அதற்கும் வந்தது கேடு. மத்தியானம் எல்லாருக்கும் இலை போட்டு வரிசையாகச் சாப்பாடு. நோயாளியும் கூட வந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். இவர் மட்டும் உட்கார மாட்டார். சுவரோரம் நின்று இலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பட்டினியாகவே வீடு திரும்புவோம். ஒரு வாரம் பரிமாறுகிற பையனின் கையிலிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கினார். அவன் தோளை அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தான். இவர் ஒரு தள்ளு தள்ள, வாளி கவிழ்ந்து, பந்தியில் இருந்த வயதான டீச்சரின் மடியெல்லாம் சாம்பார். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

கூட்டத்தை நடத்துகிற மலையாளத்துப் பெண்ணை எல்லாரும் சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"அம்மா, தப்பா ஒண்ணும் நினைக்கருது. சாரை இனி கொண்டு வரண்டா. மத்தவங்களுக்கெல்லாம் பயமாக்கும்."

பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆள் இருக்கிறதென்றும் பார்க்கவில்லை. "ஏன்னா, எல்லாரையும் போல இலைல உக்காந்தா என்ன குறைஞ்சுடும் உங்களுக்கு? என் உயிரை வாங்கறதுக்குன்னே பண்றேளா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பந்தி நடந்துண்டிருக்கறச்சே நான் எப்படி உக்காருவேன்? வந்தவா சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்."

அட ராமா, என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரணை இவருடையதுதான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். பரிமாறுகிறவன் கடைசிப் பந்தியில்தான் உட்காரலாம். எல்லாம் மறந்தவருக்கு அது மறக்கவில்லை. கூடவே இருந்த எனக்குத்தான் தோன்றாமல் போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை வெட்கத்தை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சேச்சியின் முகம் சுருங்கியது.

"சாம்பார் வேண்டாம், சாதத்தை மட்டும் அவர் கையில குடுத்துப் பாருங்கோ. சரிப்படலேன்னா இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்," என்றேன்.

அவள் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டுச் சாத வாளியைக் கொண்டுவரச் சொன்னாள். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சாத வாளியை வாங்கினார். பந்தியின் தலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, "போறுமா? இன்னும் ஒரு கரண்டி?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். கூச்சல் போட்ட டீச்சர் முதலில் பயந்து பின்னால் சாய்ந்தாள், அப்புறம் தானே இலையைக் காட்டினாள். சேச்சி என் காதருகில் வந்து, "சார் வரட்டே அம்மா, எல்லா வியாழாழ்ச்சையும் வரட்டே," என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு என் இலைக்கு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையால் நான் ஒரு பருக்கை வாங்கியதில்லை. கல்யாண வீடுகளில்கூட நான் பெண்கள் பந்தியில்தான், அங்கே அவர் பரிமாற வந்ததில்லை. எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில், ஆறிப்போனதுதான் எனக்கு.

ஆவி பறக்கப் போட்டார். "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கோ அம்மா. நீங்க எந்தாத்துலேருந்து வந்திருக்கேள்?"

அவராகவே தாழ்ந்த குரலில் சொன்னார்: "இது முடிஞ்சதும் நான் ஓடணும். நான் போய்ச் சாப்பிட்டாத்தான் ஆத்துக்காரி சாப்பிடுவா. பசியோட உக்காந்திருப்பா, பாவம்."

பாவமாம்! அட மனுஷா, என்னைத் தெரிந்த காலத்தில் அதை ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் வாளியோடு காத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றேன்.