லென்ஸ் மேல் என் கை

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் என் வலது கை என் மானத்தை வாங்கிவிட்டது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறு எம்.எம். புரொஜக்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலனி காலனியாகப் போய்ப் படம் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் சில இடங்களில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். காரணம் மெஷின் இல்லை. கை!

முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும். ஹீரோ ஹீரோயினை நெருங்குவான். மியூசிக் ஒரு மாதிரி இழையும். உடனே என் உள்ளங்கை லென்ஸுக்கு முன்னால் போய்விடும். திரை இருட்டு, பாட்டு மட்டும் கேட்கும். சமாசாரம் முடிந்ததும் கை விலகும். ஒரு நொடி முன்னேபின்னே ஆகாது. சென்சார்காரர்கள் விட்டதையெல்லாம் நான் பிடிப்பேன்.

மயிலாப்பூரில் ஒரு காலனி. அதன் செக்ரட்டரி — நல்ல உயரமான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர் — இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு படி மேல். ஹீரோ இரண்டடி எடுத்து வைப்பதற்குள் குரல் வரும்: "ஆபரேட்டர், கை!" பன்னிரண்டு வருஷமாக அதே குரல்.

அடையாறுக்கு வருவோம். காலேஜில் பாடம் நடத்தும் ஒரு அம்மா வந்து கூப்பிட்டார். "நாலு ஷார்ட் ஃபிலிம். நாலும் வேற வேற நாடு. இருபது பேர்தான் வருவாங்க. வெளியில சொல்லிக்க வேண்டாம்" என்றார். என்ன படம் என்று கேட்க எனக்குக் கூச்சம். போனேன். மாடி ஹால். பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தார்கள்.

முதல் படம் ஏதோ பனி கொட்டும் ஊர். ஒரே வீட்டில் இரண்டு கிழவர்கள், ஓயாத சண்டை. திரையின் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்க வராது. ஐந்தாவதோடு என் படிப்பு சரி. முகத்தைப் பார்த்துத்தான் கதை பிடிப்பேன். அண்ணன் தம்பி, சொத்துத் தகராறு என்று முடிவு செய்தேன். கடைசியில் ஒரு கிழவர் இன்னொருவரை நாற்காலியில் உட்காரவைத்து, மீசைக்கு டை பூசி, ஊதி ஊதிக் காயவைத்தார்.

எந்த ஊரில் அண்ணன் தம்பிக்கு மீசை டை அடிக்கிறான்?

வெளியில் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நாலுமே ஆணை விரும்பும் ஆண்களின் கதைகள்!

இரண்டாவது படம் வெயில் ஊர். ஒரு பஸ் டிரைவர், ஒரு கண்டக்டர். கடைசி டிரிப் முடிந்து பஸ் காலி. டிரைவர் எழுந்து வருகிறார். கண்டக்டர் தலை நிமிர்கிறார். மியூசிக் இழைகிறது...

சத்தியமாக நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது.

ஹால் கும்மிருட்டு. "இன்னாப்பா, கரண்ட் பூட்ச்சா?" என்றது ஒரு குரல். "கரண்ட் இல்லாம மியூசிக் எப்டி மச்சி வரும்? ஆபரேட்டரு லென்ஸைப் பொத்திக்கினு கீறாரு!" என்றது இன்னொன்று. ஒரே சிரிப்பு. அதற்கு நடுவில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அதட்டல்:

"ஆபரேட்டர், கையை எடும்!"

கையை வெடுக்கென்று எடுத்தேன்; அதற்குள் அந்தக் காட்சி முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட குரல் இல்லையா அது?

இருட்டில் வந்து இருட்டோடு போயிருக்கலாம் மனிதர். வாயைத் திறந்து மாட்டிக்கொண்டார்.

ரீல் மாற்றும் இடைவெளியில் என்னிடம் வந்தார். நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காலனியில தெரிஞ்சா நான் ஆத்தைக் காலி பண்ணிண்டு கிளம்ப வேண்டியதுதான். புரியறதோல்லியோ?"

"எனக்கு மெஷினைத் தவிர ஒண்ணும் தெரியாது சார்."

"அது போறும்" என்று மூச்சு விட்டார். அடுத்த நொடியே கோபம். "இத்தனை வயசுக்கு இன்னிக்குத்தான்யா என்னை மாதிரி ஒருத்தனைத் திரையில பார்க்கறேன். அங்கேயும் உம்ம கை!"

"நீங்க பழக்கினதுதானே சார்..."

வாயிலிருந்து வந்துவிட்டது. நான் அவ்வளவு பேசுகிறவனே இல்லை. என்னையே முறைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்கு!

ரீலைப் பின்னுக்குச் சுற்றி அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒரு சின்ன முத்தம். பிறகு டிரைவர் போய் பஸ் கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான். இதற்கா என் கை இப்படிப் பதறியது? அடுத்த படம் கார்ட்டூன்; இரண்டு ஆண் கொக்குகள் கூடு கட்டின. அதற்கும் கையைக் கட்டிக்கொண்டே நின்றேன். கொக்கை நம்பலாம், என் கையை நம்ப முடியாது.

நேற்று முன்தினம் மயிலாப்பூர் காலனியில் படம். மழைப் பாட்டு, ஹீரோயின் தொப்பலாக நனைகிறாள். செக்ரட்டரியின் குரலுக்காகக் காத்திருந்தேன். குரலே இல்லை. பின்வரிசை மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஆபரேட்டர், கை!"

"விடுங்கோ மாமி" என்றார் செக்ரட்டரி. "மழையில நனையறா. மிஞ்சிப்போனா ஜலதோஷம் பிடிக்கும்."

படம் முடிந்ததும் தயங்கித் தயங்கி, இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதும். ஆனா நான்னு ஒருத்தருக்கும் தெரியப்படாது. அப்புறம்... என்னை நல்ல உயரமாப் போடும்."

ஆகவே, மயிலாப்பூரில் உயரமான செக்ரட்டரியைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஊர் அது இல்லை. பதவி அது இல்லை. மாமியும் ஜலதோஷமும்கூட நடந்தது வேறு மாதிரி. உயரம் மட்டும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

இத்தனை வருஷத்தில் என் கை சரியான இடத்தை மறைத்திருப்பது இந்த ஒரு தடவைதான்.