சின்னம்மா தேடிப்போன பாறை

என் சின்னம்மா கிளறா, இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில், சின்யோரா என்று அழைக்கும் ஒரு எஜமானியம்மாவின் வீட்டில் பதினேழு வருடங்களாக வேலை செய்கிறார். காலை ஏழரைக்கு முதல் வேலை, சின்யோராவுக்குக் காப்பி போடுவது. நான்கு வருடங்களாக அந்தக் காப்பியைச் சின்னம்மா ருசி பார்ப்பதில்லை. கிளறா மதம் மாறிய நாளிலிருந்து தன் காப்பி கெட்டுப்போய்விட்டது என்று சின்யோரா வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்.

மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த சின்னம்மா மோர்மன் சபையில் சேர்ந்ததற்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்குதான் காரணம். தன் வீடிருக்கும் பிரான்காச்சோவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐந்தாம் மாடிக்கு ஏறவேண்டிய படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவரிடம், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள் வந்தார்கள். மூட்டையை வாங்கி வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். சின்னம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் சிரித்தபடியே வேண்டாம் என்றார்கள்.

தூக்கித் தந்தவர்கள் தன் கைத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லையே என்று சின்னம்மாவுக்கு மனம் ஆறவில்லை. காரணம் கேட்பதற்கென்றே அடுத்த கிழமை அவர்களைச் சாப்பிட அழைத்தார். காரணம் கேட்டு முடிய எட்டு மாதம் எடுத்தது. எட்டாம் மாத முடிவில் அவர் ஞானஸ்நானம் பெற்று, அந்தச் சபையில் விலக்கப்பட்ட தேத்தண்ணியையும் காப்பியையும் தானும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு என் அம்மா அற்புதமலர் தங்கை வீட்டுக்குப் போனபோது, சின்னம்மா ஒரு கோப்பையில் ஓர்சோ கொண்டுவந்து வைத்தார். வறுத்த பார்லியில் போடுவது. காப்பி குடிக்கக்கூடாத நோயாளிகளுக்கு இங்கே வைத்தியர்கள் சொல்வது.

"என்னடி இது?"

"பார்லி, அக்கா. எங்கடை வீட்டிலை இப்ப தேயிலை வாங்கிறேல்லை."

"வந்த ஆளுக்குத் தேத்தண்ணி இல்லையெண்டு சொல்லிறியோ? அதுவும் எனக்கு?"

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினார். பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை. தங்கையைத் தெருவில் கண்டால் கதைப்பார். பலாறோ சந்தையில் சேர்ந்து மீன் வாங்குவார். காய்ச்சல் என்றால் போனில் அரை மணித்தியாலம் ஏசுவார். வீட்டுக்கு மட்டும் போகமாட்டார். சின்னம்மா ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வந்தாலும் வருவார் என்று கூடுதலாகச் சமைத்து, திங்கட்கிழமை அதைத் தானே சாப்பிட்டார். இப்படி நான்கு வருடம்.

போன செப்டெம்பரில் சின்யோரா மகளிடம் போனதால் சின்னம்மாவுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. வடக்கே பியெமொந்தேயில் தொர்ரே பெல்லீச்சே என்று ஒரு சிற்றூர். 1850ஆம் ஆண்டில் இத்தாலிக்கு வந்த முதல் மோர்மன் ஊழியர்கள் அதற்கு மேலுள்ள மலையில் ஏறி, ஒரு பாறையில் நின்று இந்த நாட்டுக்காகச் செபித்தார்களாம். அந்தப் பாறையைக் காணவேண்டும் என்பது சின்னம்மாவின் ஆசை. விமானச்சீட்டு எடுக்கவும் துணைக்கும் என்னைக் கூப்பிட்டார். அம்மா தானாகவே சேர்ந்துகொண்டார்.

"உவள் மலை ஏறப்போறாளாம், உந்த முழங்காலோடை. விழுந்தால் ஆர் பார்க்கிறது?"

அம்மாவுக்கு யாத்திரை புதிதல்ல. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்கு வருடந்தோறும் வெறுங்காலோடு ஏறுகிறவர். விமான நிலையத்தில் அவருடைய பையைத் திறந்த காவலர், ஆறு மெழுகுதிரி, இரண்டு செபமாலை, மாதா உருவத்தில் ஒரு வெறும் பிளாஸ்ரிக் போத்தல் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவைத்தார்.

"போத்தல் என்னத்துக்கு அக்கா?"

"தீர்த்தத்துக்கு."

"அங்கை தீர்த்தம் இல்லை."

"எண்ணெய் தருவினம்தானே?"

"எண்ணெயும் இல்லை."

"பிறகு என்னத்தைக் கொண்டு வாறது? வெறுங்கையோடை திரும்பவே பிளேனிலை போறம்?"

தொர்ரே பெல்லீச்சே, வால்தேசியர் எனப்படும் பழைய சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் ஊர். நாங்கள் தங்கிய விடுதிக்கார அம்மையாரும் அந்தச் சபைக்காரர். சூட்கேசைக் கீழே வைக்குமுன்பே அம்மா அவரிடம், இந்த ஊரின் புனிதர் யார் என்று கேட்டார்.

"எங்கள் சபையில் புனிதர்களிடம் மன்றாடுவதில்லை, சின்யோரா," என்றார் அவர் மரியாதையாக. "நூற்றாண்டுக் கணக்காக இப்படித்தான்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நூற்றாண்டுக் கணக்காம். நான் உவள் ஒருத்தியோடை நாலு வருசமே ஏலாமல் கிடக்கிறன்."

மறுநாள் காலை மலையேறினோம். அம்மா அங்கேயும் சப்பாத்தைக் கழற்றினார். இருபது அடி நடந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார். "வேறை மதத்துக் கல்லு, குத்துது," என்றார்.

சின்னம்மாவின் கையில், சபையில் யாரோ அச்செடுத்துக் கொடுத்த படம் இருந்தது. அதில் ஒரு பெரிய சாம்பல் பாறை, ஒரு பைன் மரம், வானம். இரண்டரை மணித்தியாலம் ஏறி மேலே வந்தோம். அங்கே எங்கு பார்த்தாலும் பெரிய சாம்பல் பாறை, பைன் மரம், வானம். பெயர்ப்பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. சின்னம்மா ஒவ்வொரு பாறைக்கும் முன்னால் படத்தைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஆக்கள் வந்து போற இடமெண்டால் மெழுகு வடிஞ்சிருக்கும்," என்றார் அம்மா. "மெழுகைத் தேடு."

"எங்கடை ஆக்கள் மெழுகுதிரி கொளுத்திறேல்லை அக்கா."

"அப்ப என்னெண்டு கண்டுபிடிக்கிறது? கடவுளுக்கும் தெரியாமலே செபிச்சவை?"

ஆடுகளோடு ஒருவர் வந்தார். அம்மா வழியை மறித்து, 1850இல் மோர்மன்கள் செபித்த பாறை எது என்று பலெர்மோ இத்தாலியனில் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றி யோசித்தார்.

"நான் அப்போது இங்கே இல்லை, சின்யோரா."

பனிப்புகார் இறங்கத் தொடங்கியது. சின்னம்மா படத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கண் சிவந்திருந்தது. "போவம் அக்கா. காணக் கிடைக்கேல்லை."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மலைக்கு வந்து செபிக்காமல் இறங்கிறதோ? ஆர் செய்யிற வேலை அது? அந்தா, அந்தக் கல்லுத்தான். போய் முழங்காலிலை நில்."

"அது படத்திலை உள்ள மாதிரி இல்லை."

"தட்டையாக் கிடக்கு. உன்ரை முழங்காலுக்கு நல்லது. போ."

சின்னம்மா போனார். கைகளைக் கட்டி, தலை குனிந்து, சத்தமில்லாமல் செபித்துவிட்டு எழுந்து வந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"இவ்வளவுதானோ? பிளேன், ரெயின், பஸ், ரெண்டரை மணித்தியாலம் மலை. செபம் ரெண்டு நிமிசம்! என்ன கேட்டனி?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் இடையிலை."

"நான் சாந்தா றொசாலியாவிட்டைக் கேக்கிறதெல்லாம் உனக்குச் சொல்லிறனான். சொல்லடி."

சின்னம்மா ஆடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கள் என்ரை வீட்டை வரவேணும் எண்டு."

நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். அப்படியும் எல்லாம் கேட்டது.

"ஆரிட்டைக் கேட்டனி?"

"ஆண்டவரிட்டை."

"வரவேண்டியது ஆண்டவரோ, நானோ? நாலு வருசத்திலை ஒருக்கால், 'அக்கா வாங்கோ' எண்டு உன்ரை வாயாலை என்னட்டைக் கேட்டனியே?"

"நீங்கள் கோபமா இருந்தனீங்கள்."

"கோபமா இருக்கிற ஆளைத்தான் கேக்கவேணும். கோபமில்லாத ஆள் கேளாமலே வருமே!"

சின்னம்மா மூக்கைத் துடைத்தார். "அக்கா, வாங்கோ."

"எப்ப?"

"வாற ஞாயிறு."

"எனக்குப் பூசை முடியப் பன்னிரண்டாகும்."

"எனக்கும் சபை முடிய அவ்வளவாகும்."

"பார்ப்பம்," என்று சொல்லிவிட்டு அம்மா முதல் ஆளாக இறங்கத் தொடங்கினார்.

ஞாயிறு பஸ் முக்கால் மணித்தியாலம் பிந்தியது. பிரான்காச்சோவில் மனிதர் இருப்பார்களா என்று அம்மா வழியெல்லாம் கேட்டார். ஐந்து மாடியும் ஏறி, கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். மேசையில் சோறு, மீன் குழம்பு, பருப்பு, கீரை. சின்னம்மா தலை குனிந்து தன் செபத்தைச் சொன்னார். அம்மா சிலுவை அடையாளம் போட்டுத் தன் செபத்தைத் தொடங்கி, தங்கை முடித்த பிறகும் வேண்டுமென்றே நீட்டிக்கொண்டு போனார்.

பிறகு குழைத்து ஒரு வாய் வைத்தார். சின்னம்மா கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணாது," என்றார் அம்மா.

சின்னம்மா குசினிக்கு ஓடினார். உப்போடு அவர் திரும்பி வந்தபோது, அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.