கொட்டாஞ்சேனைக் கூரையில் ஒரு காது

கரண்ட் போனால் கொழும்பின் கொட்டாஞ்சேனை முழுவதும் சபிக்கும். ஐறீன் ஒருத்திதான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள்.

2022 மார்ச் மாதம். பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, இரவு பகலாக மின்வெட்டு. ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் களஞ்சியத்தில் கிளார்க்காக இருந்த ஐறீனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவள். அப்பா கண்ணை மூடியதும் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதன் பிறகு தனக்கென்று அவள் எதையுமே கேட்டதில்லை. ஒன்றைத் தவிர!

அந்த ஒன்று மாடியில் வானத்தைப் பார்த்தபடி நின்றது. தகரத்தை வளைத்து அவளே செய்த பெரிய புனல், வானத்து அலைகளைப் பிடிக்கும் அன்டெனா. வேற்றுலகங்களில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால், அவை அனுப்பக்கூடிய வானொலி அலைகளைத் தேட அமெரிக்காவில் சேட்டி (SETI) என்றொரு நிறுவனமே இருக்கிறது. அவர்களிடம் பெரிய பெரிய அன்டெனாக்கள் உண்டு. ஐறீன் சேர நினைத்த “கூரைக் காதுகள்” அவ்வளவு பெரிய இடமல்ல. வீட்டுக் கூரையிலிருந்தே வானத்தைக் கேட்கும் தொண்டர்களின் சங்கம். அதன் உலக வரைபடத்தில் இலங்கையில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் புள்ளி தன் வீடாக இருக்க வேண்டும் என்பதில் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

ஆனால் சங்கம் அவளைத் திருப்பி அனுப்பியது. உங்கள் ஊரில் இரைச்சல் அதிகம் என்றார்கள். பொய்யில்லை. ஒவ்வொரு வீட்டு பல்பும், டிவியும், வைஃபையும் அந்தப் புனலுக்குள் கத்தின. விண்மீன்களுக்கிடையே கிடக்கும் ஐதரசன் வாயு எந்நேரமும் மெல்லிய அலையொன்றை அனுப்பிக்கொண்டிருக்கும். அதைச் சுத்தமாகப் பிடித்து, ஒரு மணித்தியாலப் பதிவை மாத முடிவுக்குள் அனுப்பினால் சேர்க்கலாம் என்றார்கள். அதுதான் கடைசி வாய்ப்பு. ஊரின் இரைச்சல் அடங்குவதோ கரண்ட் போனால் மட்டும்தான்.

“மனுசன் பெட்ரோல் கியூவில காயிறான். உனக்கு மேல இருக்கிற ஆக்களோட கதைக்க வேணுமாம்!” என்றான் த்ரீவீல் ஓட்டும் கணவன் ஹெக்டர்.

“கதைக்கேல்ல, கேக்கிறன். நீங்களும் ஒருநாளைக்குச் செய்து பாருங்கோவன், கேக்கிறதை.”

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், மாலையில் மின்வெட்டு வந்தது. புனலோடு இணைத்த லாப்டொப்பில் சார்ஜ் இல்லை. ஐறீன் இடிந்துபோய் உட்கார்ந்தாள். ஹெக்டர் இறங்கிப் போய், த்ரீவீலின் பற்றரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான்.

“பெட்ரோலே இல்லை, இது அங்க இருந்து என்ன கிழிக்குது? நாளைக்குக் கியூவில தள்ளிக்கொண்டு போறன்.”

கலியாண நாளிலும் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

லாப்டொப் திரையில், புனல் கேட்பதைக் காட்டும் கோடு அடங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் உறுமியது! கோடு முழுக்க முட்கள் கிளம்பின.

பக்கத்து வீட்டில் சவுந்தரநாயகம். சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கனடாவில். தனியே டிவி பார்க்கத்தான் அந்த ஜெனரேட்டர்.

“அங்கிள், ஒரு மணித்தியாலம் நிப்பாட்டுவீங்களா?” ஐறீன் மதிலுக்கு மேலால் கெஞ்சினாள்.

“ஏன் பிள்ளை, உன்ட ஆக்கள் இறங்கப் போறாங்களோ? பொலிசுக்குச் சொல்லவா?”

“நீங்களே வந்து பாருங்கோ.”

சண்டை பிடிக்கத்தான் வந்தார். மாடியேறி, குனிந்து புனலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். திரையில் கோடு மொத்தமாக மேலே எழுந்தது.

“என்ன அது?”

“அது நீங்க, அங்கிள். உடம்புச் சூட்டையும் இது கேக்கும்.”

விலகினார், கோடு தாழ்ந்தது. மீண்டும் வந்து நின்றார்; எழுந்தது.

“நான் சும்மா நிண்டாலே தெரியுதா?”

“வடிவாத் தெரியுது.”

மனைவி போனபின் அவர் அந்த வீட்டில் இருப்பதை யார் கவனித்தார்கள்? கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறங்கிப் போனார்.

ஜெனரேட்டர் நின்றது!

முட்கள் மறைந்தன. மெல்ல மெல்லத் திரையின் நடுவே சிறிய மேடு ஒன்று எழும்பியது: ஐதரசனின் அலை.

“இவ்வளவுதானா?” என்றான் ஹெக்டர்.

“இவ்வளவுதான்” என்று விம்மி விம்மி அழுதாள் ஐறீன்.

பதிவு முடிந்த பிறகு கரண்ட் வந்தது. “ஆ... வந்திட்டுது!” என்று ஒழுங்கை வீடுகளெல்லாம் வழக்கம்போலக் கத்தின. முதன்முறையாக ஐறீனும் சேர்ந்து கத்தினாள்.

அடுத்த மாதம் சங்கத்தின் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஏறியது: கொழும்பு 13.

மின்வெட்டுக் காலம் போய்விட்டது. ஆனாலும் மாதத்தில் ஒரு மாலை ஹெக்டர் ஹோர்ன் அடித்தபடி ஒழுங்கையில் த்ரீவீலை ஓட்டுகிறான். “லைட்டை நிப்பாட்டுங்கோ!” பிறகு அதையே சிங்களத்தில், “லைட் ஒஃப் கரன்ன!” வீடு வீடாக இருள்கிறது. முதலில் அணைவது சவுந்தரநாயகத்தின் வீடு.

“பிள்ளை, ஆராவது கதைச்சவங்களா?” இருட்டிலிருந்து அவர் கேட்பார்.

“இன்னும் இல்லை, அங்கிள்!”

“வரட்டும், வரட்டும். இஞ்ச கரண்டே இல்லையெண்டு மட்டும் நினைச்சுப்போட்டுத் திரும்பிப் போயிடப் போறாங்கள்!”

ஒழுங்கை முழுவதும் இருட்டில் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கியதும், ஐறீன் கேட்கத் தொடங்குகிறாள்.